கையொப்பமிடலாமா?

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றுகொண்டிருந்த வேளையில், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு குடும்பம் நமக்காகக் காத்திருந்தது. குடும்பத் தலைவர் அறுபதைக் கடந்த தென்னை விவசாயி. உடன் அவருடைய துணைவியாரும் மூத்த மகனும் வந்திருந்தனர். பெரியவர் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"ஏனுங்க சாமி, இதுல கையெழுத்துப் போடலாமுங்களா?"

பல பக்கங்கள் கொண்ட ஒப்புதல் படிவம் அது, தமிழில்தான் அச்சிடப்பட்டிருந்தது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவர் அவர். கோவையில் அவர் வழக்கமாகச் சென்றுவரும் மருத்துவமனையில், நீரிழிவுக்கான புதிய மருந்து ஒன்றின் ஆராய்ச்சியில் தன்னார்வலராகச் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டிலோ கருத்து பிளவுபட்டிருந்தது. "இவர எலி மாதிரி வெச்சுச் சோதிச்சுப் பாக்கறாங்க சாமி. வேண்டவே வேண்டாமுங்க" என்றார் அம்மையார். "மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசமுங்க. பெரிய டாக்டரே நேர்ல பாப்பாராமுங்க. சேர்ந்தா என்ன தப்புங்க சாமி?" என்றார் மகன். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கூறினார்: "எம்பட தம்பிக்கு இந்தச் சர்க்கரையாலதானுங்க காலை எடுத்தாங்க. அவனுக்கு நடந்தது எம்பட பேரனுக்கு நடக்கக் கூடாதுங்க. அதுக்கு நம்மால ஏதாச்சும் ஆகுமுன்னா செய்யலாமுன்னு தோணுதுங்க. ஆனா பயமாவும் இருக்குதுங்க. சாமி சொன்னாப் போட்டர்றனுங்க."

"சாமி சொன்னால்" என்ற அச்சொல்தான் நம் நெஞ்சில் தைத்தது. நாம் தலையசைத்தால் அவர் கையொப்பமிடுவார். நாம் மறுத்தால் படிவத்தை மடித்து வைத்துவிடுவார். இரண்டும் முறையன்று எனத் தோன்றியது. ஒரு வாரம் தவணை கேட்டு அவர்களை அனுப்பிவைத்தோம். அவ்வாரத்தில் படித்தும், அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும் நாம் தெரிந்துகொண்டவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். ஏனெனில், இத்தகைய படிவம் நாளை எந்தக் குடும்பத்தின் வாயிற்படியிலும் வந்து நிற்கக் கூடும்.

நம் வாயிற்படியில் நிற்கும் நோய்

நீரிழிவு பட்டணத்துப் பணக்காரரின் நோய் என்று முன்னாளில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து நாடெங்கும் நடத்திய ஆய்வு 2008 முதல் 2020 வரை நடந்தது. அதன் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு உண்டு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்று அது கணக்கிட்டது.

நம் கொங்கு மண்ணும் இதற்கு விலக்கன்று. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த நல்லாம்பட்டி என்னும் உழவர் ஊரில், கோவை மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டில் வயது வந்தோரைப் பரிசோதித்தனர். ஏர் பிடித்து உழைக்கும் மக்களிடம் சர்க்கரை நோய் குறைவாகவே இருக்கும் என்பதுதானே நம் நம்பிக்கை? அங்கே கண்டதோ நேர்மாறு. நீரிழிவும், அதற்கு முந்தைய நிலையும், இரத்தக் கொதிப்பும் எவரும் எதிர்பாராத அளவில் இருந்தன.

இச்செய்திகள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? மேற்கூறிய நாடளாவிய ஆய்வில் பங்குகொண்டோர் 1,13,043 பேர். முன்பின் அறியாத ஒருவர் வாயிற்படியில் வந்து நிற்க, நம்பிக் கை நீட்டிக் குருதி கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் அச்சாகவில்லை. ஆயினும், அவர்கள் கொடுத்திராவிடில் நம் நாட்டின் நோய் நமக்கே தெரிந்திராது.

ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். சிகிச்சை என்பது நோயாளியின் நலத்தை மட்டுமே நோக்கமாகக் கொண்டது. ஆராய்ச்சி என்பது ஒரு கேள்விக்கு விடை காண்பதை நோக்கமாகக் கொண்டது. இரண்டையும் ஒரே மருத்துவர், ஒரே அறையில், ஒரே வெள்ளை அங்கியுடன் செய்யலாம். அதனாலேயே மக்கள் மயங்குகின்றனர். "பெரிய டாக்டர் நேரில் பார்ப்பார்" என்று மகன் மகிழ்ந்ததும் இம்மயக்கமே. ஆராய்ச்சியில் சேருபவருக்கு நன்மை கிட்டலாம்; கிட்டாமலும் போகலாம். நன்மை உறுதி என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஆராய்ச்சிக்கே தேவை இராது அன்றோ?

ஆராய்ச்சியிலும் வகைகள் உண்டு. குருதி எடுத்து, சில கேள்விகள் கேட்டு அனுப்பிவிடும் கணக்கெடுப்பு ஒரு வகை. அதில் ஊசி குத்தும் வலியையும், நம் உடல்நிலை பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற ஐயத்தையும் தவிரப் பெரிதாக அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. உணவு முறையையும் நடைப்பயிற்சியையும் மாற்றிப் பார்ப்பது இரண்டாம் வகை. புதிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது மூன்றாம் வகை. இதுவே ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. முதற்கட்டத்தில் மிகச் சிலருக்கு மட்டும் கொடுத்து, உடல் தாங்குமா என்று பார்ப்பர். இரண்டாம் கட்டத்தில் மேலும் சிலருக்குக் கொடுத்து, பயனும் உகந்த அளவும் காண்பர். மூன்றாம் கட்டத்தில் பெருந்தொகையானவர்களுக்குக் கொடுத்து, பழைய மருந்துடனோ வெற்று மாத்திரையுடனோ ஒப்பிடுவர். நம் பெரியவருக்கு வந்த அழைப்பு இம்மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தது.

யாருக்குப் புதிய மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. குலுக்கல் முறையே முடிவு செய்யும். பல ஆராய்ச்சிகளில் எவருக்கு எது சென்றது என்பது கடைசிவரை மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஆபத்து நேர்ந்தால் மட்டும் அதை உடனே திறந்து பார்க்க வழி செய்திருப்பர்.

இதை அடுத்த வாரம் பெரியவருக்கு எப்படி விளக்குவது என்று நாம் தயங்கியிருக்க, அவரே நமக்கு விளக்கிவிட்டார். "தெரியுமுங்க சாமி. வேர் வாடல் நோய்க்கு மருந்து பாக்கறக்கு நம்ம தோப்புல பத்து மரம் கேட்டாங்க, குடுத்தனுங்க. அஞ்சு மரத்துக்கு மருந்து, அஞ்சு மரத்தை அப்படியே உட்டு வெச்சாங்க. உட்டு வெச்ச மரத்தைப் பாத்தாத்தானுங்க மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியும்?" என்றார். எந்தப் பேராசிரியரும் இதைவிடத் தெளிவாகக் கூறியிருக்க முடியாது. நாம் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னோம்: "பெரியவரே, அந்த மரங்களுக்குக் கேள்வி கேட்க வாயில்லை. உங்களுக்கு உண்டு."

கொடுத்தவர்களால் பெற்றோம்

இன்று நம் பங்கில் எத்தனையோ குழந்தைகளும் முதியோரும் இன்சுலின் ஊசியால் உயிர் வாழ்கின்றனர். அதன் தொடக்கத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். கனடா நாட்டு டொரன்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு பேண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அந்நாளில் நீரிழிவு கண்ட சிறுவருக்கு மருத்துவம் என்பதே அரைப்பட்டினிதான். சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம், அவ்வளவே. லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாக அந்நகரின் பொது மருத்துவமனையில் கிடந்தான். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு 1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் அவனுக்குச் செலுத்தப்பட்டது.

முதல் ஊசி வெற்றியளிக்கவில்லை என்பதைப் பலர் அறியார். சாறு தூய்மையாக இல்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி கண்டது. சர்க்கரையும் போதிய அளவு குறையவில்லை. நிறுத்திவிட்டனர். காலிப் என்னும் வேதியியலார் இரவு பகலாய் உழைத்து அதனைத் தூய்மைப்படுத்திய பின், ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். இம்முறை சிறுவன் எழுந்து அமர்ந்தான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். பயனற்ற அம்முதல் ஊசியின் வலியையும் அவன் தாங்கியதாலேயே உலகம் இன்சுலினைப் பெற்றது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டு வெளியாயின. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் சேர்ந்தனர். நான்கு பிரிவாக அவர்களைப் பிரித்தனர். முதற் பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும். மூன்றாவது பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவது பிரிவினருக்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில், முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆகியிருந்தனர். மற்ற மூன்று பிரிவுகளிலும் அத்தொகை 39 முதல் 41-க்குள் நின்றது. செலவில்லாத நடையும் அளவான உணவுமே மாத்திரைக்கு நிகராகக் காக்கும் என்பதை நம் மக்களின் உடலைக் கொண்டே நிறுவிய ஆய்வு இது. மற்றொன்றையும் அது கற்பித்தது. தொடக்கத்தில் கொடுத்த மாத்திரை அளவு சிலருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்ததன் குறிகளை உண்டாக்கவே, அளவைப் பாதியாகக் குறைத்தனர். குறைந்த அளவே நம்மவர்க்குப் பயன் தந்தது. மேனாட்டு ஆய்வை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திராது.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

ஆயினும், நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. அம்மையாரின் அச்சம் வீண் அச்சமன்று.

அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவும் உடற்பயிற்சியும் நோயை 58 விழுக்காடு குறைக்கும் என்று 2002-இல் உலகுக்குக் காட்டியது. அதே ஆய்வில் ட்ரோகிளிட்டசோன் என்ற மருந்தைப் பெற்ற பிரிவு ஒன்றும் இருந்தது. அம்மருந்தை உட்கொண்டவர்களில் ஒருவர் கல்லீரல் செயலிழந்து 1998-இல் உயிர் துறந்தார். உடனே அப்பிரிவு நிறுத்தப்பட்டது; 2000-ஆம் ஆண்டில் அம்மருந்தே அந்நாட்டுச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. இறந்தவர் நோயாளியும் அல்லர். நோய் வராமல் தடுக்கவே சேர்ந்தவர். இந்தியாவில் கண்டறியப்பட்ட ரேகாகிளிட்டசார் என்ற மற்றொரு மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அது எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகளை உண்டாக்குவது தெரியவந்தது. 2002-இல் அந்த ஆராய்ச்சியும் நிறுத்தப்பட்டது.

மருந்தால் வரும் தீங்கு ஒருபுறமிருக்க, மனிதரால் வரும் தீங்கும் உண்டு. ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்து வடோதராவிலும் 2009-ஆம் ஆண்டு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமியருக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. விடுதிகளில் தங்கிப் பயின்ற ஏழைச் சிறுமியர் பலருக்குப் பெற்றோர் கையொப்பமிடவில்லை. விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டனர். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு 2013-இல் அதனைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா, தீயதா என்பதன்று இங்கே கேள்வி. ஒருவர் உடலுக்கு மற்றொருவர் ஒப்புதல் கொடுத்ததே குற்றம். "சாமி சொன்னாப் போட்டர்றனுங்க" என்ற சொல் நம்மை ஏன் கலக்கியது என்பது வாசகர்களுக்கு இப்போது விளங்கும். மதிப்புக்குரியவர் என்பதாலேயே பிறருக்காகக் கையொப்பமிடும் உரிமை எவருக்கும் வந்துவிடாது; பங்குத் தந்தைக்கும் வராது.

2005 முதல் 2012-இன் நடுப்பகுதி வரை நம் நாட்டில் நடந்த புதிய மருந்துச் சோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாக மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இருந்த கொடிய நோய்களால் இறந்தவர்கள். சோதனையே காரணம் எனக் கண்டது 80 சாவுகளில். எண்பது என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். இழந்த குடும்பத்துக்கு அது சிறிதன்று.

சட்டம் நிறுத்தியுள்ள காவல்

இத்தகைய பட்டறிவுகளின் பயனாகவே, 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் சுருங்கக் கூறுவோம்.

நன்னெறிக் குழு ஒன்று ஏற்காமல் எந்த மருந்துச் சோதனையும் தொடங்கலாகாது. அக்குழுவில் மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் அறிந்தவர், பெண் உறுப்பினர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் இருக்கவேண்டும். சமூகவியலாரோ மெய்யியலாரோ இறையியலாரோ ஒருவரும் அமரலாம் என்று விதி கூறுவது நம் கவனத்துக்குரியது. சேருபவருக்குப் புரியும் மொழியிலேயே எல்லாம் விளக்கப்பட வேண்டும். சோதனையின்போது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவம் அளிக்க வேண்டும். சோதனையால் நேர்ந்ததென்றால் இழப்பீடும் உண்டு. சேர்ந்தபின் எந்த நாளிலும், காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைப்படக் கூடாது. மேலும், ஒவ்வொரு மருந்துச் சோதனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். அப்பதிவேட்டை யாரும் பார்க்கலாம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் தேடிச் சொல்லிவிடுவர்.

காவல் இருக்கிறது என்பதற்காக நாம் உறங்கிவிடலாகாது. நாம் வாய் திறந்து கேட்டால்தான் சட்டமும் நமக்குத் துணை நிற்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த ஞாயிறு அக்குடும்பத்துடன் அமர்ந்து, பேரனின் பள்ளி நோட்டு ஒன்றில் கேள்விகளை எழுதினோம். பிறருக்கும் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்குத் தருகிறோம்.

1. இது எந்தக் கட்டத்துச் சோதனை? இதற்கு முன் எத்தனை பேருக்கு இம்மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள்? அவர்களுக்கு என்னென்ன தொல்லைகள் கண்டன?

2. இப்போது நான் உட்கொள்ளும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா? எனக்கு வெற்று மாத்திரை வாய்த்தால், என் சர்க்கரை ஏறாமல் காக்க என்ன ஏற்பாடு?

3. எத்தனை மாதம்? எத்தனை முறை கோவைக்கு வரவேண்டும்? எவ்வளவு குருதி எடுப்பீர்கள்? பயணச் செலவையும் இழந்த நாட்கூலியையும் தருவீர்களா?

4. என் சிறுநீரகம், கண், இதயம் ஆகியவற்றுக்கு இம்மருந்து ஏற்றதா என முன்னதாகப் பார்ப்பீர்களா?

5. தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? அவர் பெயர் படிவத்தில் உள்ளதா?

6. என் நோய் விவரம் யார் யாருக்குத் தெரியும்?

7. சோதனை முடிந்து, மருந்து எனக்கு நன்மை செய்திருந்தால், அதன்பின் அது எனக்குக் கிடைக்குமா?

இவ்வளவும் எழுதி முடித்தபின், அதுவரை பேசாதிருந்த அம்மையார் எட்டாவது கேள்வியைச் சொன்னார்: "நடுராத்திரி இவருக்கு மயக்கம் வந்துச்சுன்னா நான் யாருக்குப் போன் பண்ணோணும்? அந்நேரத்துல யாருங்க எடுப்பாங்க?" நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், தோப்புக்குள் தனி வீட்டில், நள்ளிரவில் கணவர் அருகே விழித்திருக்கப் போகிறவரின் கேள்வி அது. படித்தவர்களாகிய நமக்கு அது தோன்றவே இல்லை.

நம் நெறி யாது?

"கடவுள் கொடுத்த உடம்பை இப்படிச் சோதனைக்குக் கொடுக்கறது பாவமில்லீங்களா?" என்றும் அம்மையார் கேட்டார். இதற்கு மட்டும் நாமே விடை கூறக் கடமைப்பட்டிருந்தோம். பாவமன்று. மருத்துவ ஆராய்ச்சி நோயாளரின் நலத்துக்கும் மக்கள் நலத்துக்கும் துணை செய்ய முடியும் என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏற்கிறது. ஆயினும் அது எல்லை வகுக்கிறது. தவிர்க்கக் கூடிய ஆபத்துக்கோ, நன்மைக்குப் பொருந்தாத அளவு பெரிய ஆபத்துக்கோ ஒருவரை உட்படுத்துவது முறையன்று. உண்மை அறிந்த ஒப்புதலின்றிச் சோதிப்பது மனித மாண்புக்கு எதிரானது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களிடையே உரையாற்றுகையில், சமுதாயத்தின் நன்மை என்ற பெயரால் தனி மனிதனைக் கருவியாக்க முடியாது என்பதை வலியுறுத்தினார். போர்க்காலத்துச் சிறைமுகாம்களில் மருத்துவத்தின் பெயரால் நடந்த கொடுமைகளை உலகம் அறிந்திருந்த காலம் அது.

ஆகவே, ஆராய்ச்சியில் சேருவது எவர்மீதும் விழுந்த கடமை அன்று. அது கொடை. கொடை கொடையாக இருக்க வேண்டுமெனில், கொடுப்பவர் தாமே கொடுக்க வேண்டும். எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும். மருத்துவரின் மனம் கோணுமே என்று அஞ்சிக் கொடுப்பதும், இலவசத்துக்கு மயங்கிக் கொடுப்பதும், பங்குச் சாமி சொன்னார் என்பதற்காகக் கொடுப்பதும் கொடையாகா. வீட்டில் நம்மை நம்பி இருப்போரை மறந்து கொடுப்பதும் அவ்வாறே.

இருவர் முடிவு

அக்குடும்பம் நோட்டுடன் கோவைக்குச் சென்றது. ஆராய்ச்சி மருத்துவர் பொறுமையாக ஒரு மணி நேரம் அவர்களுக்கு விடை கூறினாராம். அம்மையாரின் கேள்வி வந்தபோது சற்றுத் தயங்கி, இரவில் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்றைத் தம் கைப்படப் படிவத்தில் எழுதிக் கொடுத்தாராம். அன்றே கையொப்பமிட வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. மறுமுறை சென்றபோது பெரியவர் கையொப்பமிட்டார். அவருக்குச் செல்வது மருந்தா, வெற்று மாத்திரையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. "எதுவானா என்னுங்க சாமி, உட்டு வெச்ச மரமும் வேணுமல்லங்க" என்கிறார். அம்மையாரின் அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கூறமாட்டோம். அந்தத் தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.

நாம் இதைக் கேள்வியுற்ற அதே மாதத்தில், தென்னை நார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் கைம்பெண் ஒருவரும் இதே போன்றதொரு அழைப்புடன் நம்மிடம் வந்தார். அதே கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். அவரும் கேட்டார், விடை பெற்றார், மறுத்துவிட்டார். "மூணு புள்ளைங்களுக்கு நான் ஒருத்திதானுங்க சாமி. எனக்கு ஒண்ணுன்னா அதுகளுக்கு யாருங்க?" என்றார். மருத்துவர் முகம் கோணாமல் வழக்கமான சிகிச்சையைத் தொடர்கிறாராம். அவர் நெஞ்சில் மட்டும் ஒரு சிறு குற்ற உணர்வு இருந்தது. பெரியவர் கொடுத்ததைத் தாம் கொடுக்கவில்லையே என்று. ஒரு நாளும் அவ்வாறு எண்ண வேண்டா என்று கூறினோம். தம் பிள்ளைகளுக்காகத் தம்மைக் காத்துக்கொள்வதும் ஒரு கொடையே. பெரியவர் செய்ததும் சரி. இவர் செய்ததும் சரி.

அன்பார்ந்த வாசகர்களே, இத்தகைய படிவம் உங்கள் இல்லத்துக்கு வந்தால், அன்றே கையொப்பமிடாதீர்கள். அன்றே கிழித்தெறியவும் வேண்டா. வீட்டிற்கு எடுத்து வாருங்கள். இரவு செபம் முடிந்தபின் குடும்பமாக அமர்ந்து உரக்கப் படியுங்கள். அதிகம் அஞ்சுபவர் யாரோ, அவரை முதலில் பேசவிடுங்கள். சிறந்த கேள்வி பெரும்பாலும் அவரிடமே இருக்கும். எழுதிச் சென்று கேளுங்கள். கேள்வி கேட்பவரைக் கண்டு முகம் சுளிக்கும் இடமானால், அங்கே கையொப்பமிட வேண்டா. துணை வேண்டுமெனில் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வாருங்கள். உங்களுடன் அமர்ந்து நாமும் படிக்கிறோம். பேனா மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.